பச்சை எத்தனை பச்சை?

கூட்டுறவுச் சங்கத்தாருக்கென வெளிவரும் ஒரு மாதப் பத்திரிகையில் சொற்புதிருக்கு இடம் தரலாமா என்னும் வினா அங்கத்தினரிடையே அவ்வப்போது எழுவதுண்டு. நூல் விலை, ரிபேட் நிலுவை, பயிர்க் கடன், உர விநியோகம் என்று எழுத வேண்டிய விஷயங்கள் குவிந்து கிடக்கையில், பொழுதுபோக்குக்கு ஒரு பக்கத்தை ஒதுக்குவது வீண் செலவன்றோ என்கின்றனர். நியாயமான கேள்விதான். புதிர்கள் அனைத்துக்கும் பரிந்து பேச நாம் முன்வரவில்லை. ஒரே ஒரு வகைப் புதிருக்காக மட்டும் இங்கு வாதாட விரும்புகிறோம். ஒரு நிறத்தை எடுத்துக்கொண்டு, அதன் சாயல்களின் பெயர்களையே விடைகளாக வைத்து அமைக்கப்படும் புதிர் அது. நிறம் எதுவாகவும் இருக்கலாம். நாம் பச்சையை எடுத்துக்கொள்கிறோம். தறியில் இருப்பவருக்கும் வயலில் இருப்பவருக்கும் ஒருங்கே உரிய நிறம் அதுவே.

மூத்த அங்கத்தினர்கள் புதிர் என்றவுடன் முகம் சுளிப்பதற்குக் காரணம் உண்டு. குறுக்கெழுத்துப் புதிர் 1913-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் தேதி 'நியூயார்க் வேர்ல்ட்' என்னும் பத்திரிகையில் ஆர்தர் வின் என்பவரால் அமைக்கப்பட்டு முதன்முதல் வெளிவந்தது. அங்கே அறிவு விளையாட்டாகப் பிறந்த அது, நம் நாட்டுக்கு வந்தபின் நுழைவுக் கட்டணமும் பெரும் பரிசும் கொண்ட போட்டியாகவும் உருவெடுத்தது. 'இஃது இல்லாத ஊர் சிறப்பதில்லை' என்று குறிப்பு இருக்கும். முதலும் கடையும் கொடுத்து நடுவெழுத்தை மட்டும் விட்டிருப்பார்கள். மரம் என்றாலும் பொருந்தும், மடம் என்றாலும் பொருந்தும். எது 'சரியான' விடை என்பது போட்டி நடத்துபவரின் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். ஒரு மாதத்தில் மொத்தப் பரிசு 1,000 ரூபாய்க்கு மேற்படும் போட்டிகளைத் தடை செய்யும் பரிசுப் போட்டிகள் சட்டம் 1955-இல் இயற்றப்பட்டது இத்தகைய கூத்துகளை அடக்குவதற்காகத்தான். அச்சட்டம் சூதாட்டத் தன்மையுள்ள போட்டிகளுக்கே பொருந்தும், பெரிதும் திறமையால் வெல்லத்தக்கவற்றுக்குப் பொருந்தாது என்று 1957-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அறிந்தவன் கண்டுபிடிக்கக் கூடியது புதிர். அறிந்தவனும் ஊகிக்க மட்டுமே கூடியது சூது. இந்த வேற்றுமையை அங்கத்தினர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். ஏனெனில், சாயல்களின் பெயரை விடையாக வைக்கும்போது புதிர் சூதாகிவிடும் அபாயம் மிக அதிகம்.

கிளிப்பச்சை, பாசிப்பச்சை, இலைப்பச்சை இம்மூன்றையும் எழுத்தெண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றும் 6 எழுத்து. பின்னுள்ள 4 எழுத்துகள் மூன்றிலும் ஒன்றே. கட்டத்தில் பின் நான்கும் நிரம்பி, முன் இரண்டு மட்டும் வெறுமையாக நின்றால், விடை கிளியா, பாசியா, இலையா என்பதைக் குறிப்பு ஒன்றுதான் தீர்மானிக்க வேண்டும். 'ஒரு வகைப் பச்சை' என்று குறிப்பு எழுதுகிறவர் அந்தப் பழைய போட்டிக்காரரின் வாரிசு. 'கொய்யாத் தோப்புக்காரன் கவண் எறிந்து விரட்டும் நிறம்' என்று எழுதுகிறவர் கிளியைக் காட்டிவிடுகிறார். 'படித்துறையில் ஆளை வழுக்கிவிடும் நிறம்' என்றால் அது குளத்துப் பாசி. பாசி என்னும் சொல்லோ பாசிப்பயற்றுக்கும் உரியது. குளத்துப் பாசியின் பச்சை கருமை தோய்ந்தது. பயற்றின் பச்சை சற்று மஞ்சள் தட்டி மங்கியது. பாசிப்பச்சை என்று ஆர்டர் எழுதுகிறவர் எந்தப் பாசியை நினைத்தார்? குறிப்பு எழுத உட்காருகிறவனுக்கு இக்கேள்வி உடனே எழும். ஆர்டர் எழுத உட்காருகிறவனுக்கோ இது எழுவதே இல்லை. நாம் புதிருக்குப் பரிந்து பேசுவதன் முதற்காரணம் இதுதான்.

இலைப்பச்சையைப் பற்றி நமது அபிப்பிராயம் சற்றுக் கடுமையானது. எந்த இலை என்று சொல்லாத வரை அதைப் பெயரென்றே கொள்ள இயலாது. கொழுந்து வெற்றிலையும் முற்றிய பலா இலையும் ஒரு கட்டத்துக்குள் அடங்கா. புதிர் அமைப்பவர்கள் அச்சொல்லை விலக்கிவிடுவது நலம். ராமர் பச்சை அப்படியன்று. கடைத்தெருவில் நன்கு ஊன்றிவிட்ட பெயர் அது. அதற்கும் 6 எழுத்தே. ராமபிரானை ஓவியர்கள் சில படங்களில் பச்சையாகவும் சில படங்களில் நீலமாகவும் தீட்டுவர். அவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் சாயலுக்கு அப்பெயர் பொருத்தமாகவே இருக்கிறது. 'வில்லேந்தியவன் மேனி, நீலக்காரரும் பச்சைக்காரரும் பங்கு கேட்பர்' என்று குறிப்பு எழுதலாம்.

பச்சை என்னும் சொல்லே ஒரு புதிர். நிறத்தை மட்டும் குறித்து அது நிற்பதில்லை. வேகாதது, காயாதது, புதியது என்னும் பொருள்களும் அதற்கு உண்டு. 'கண்ணுக்கு வெள்ளை, பெயரில் பச்சை, உலை ஏறினால் இரண்டும் இல்லை' என்று கேட்டால் பச்சரிசி என்று வீட்டிலுள்ள பெண்கள் உடனே சொல்லிவிடுவார்கள். 'நெருப்பைக் காணாத வரை பச்சை. எந்நாளும் நிறமில்லை' என்றால் பச்சைத் தண்ணீர். பசுமை என்னும் சொல்லும் இவ்வாறே. 'தட்டார் பட்டறைப் பசுமை. மஞ்சளாய் மின்னும்' என்பதற்குப் பசும்பொன் விடை. பச்சைக் கற்பூரம், பச்சைப் பொய், பச்சைக் குழந்தை என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அலுவலகங்களில் மேலதிகாரிகள் கையெழுத்திடும் பச்சை மையைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்று நண்பர் ஒருவர் கூறினார். அது எல்லாப் பச்சையிலும் தாமதமாகக் கிடைப்பது என்பது அவர் தந்த குறிப்பு. இவை சிரிக்கவும் சிந்திக்கவும் நல்லவை. ஆயினும் இவற்றால் ஒரு முழம் துணியும் திருத்தமாக நெய்யப்படப் போவதில்லை. நாம் வேண்டுவது சாயத்தொட்டியிலிருந்தும் தறியிலிருந்தும் வயலிலிருந்தும் எழும் புதிர்.

சாயத்தொட்டியில் அதற்குப் பஞ்சமில்லை. இயற்கைச் சாயங்களுள் நீலத்துக்கு அவுரி உண்டு, மஞ்சளுக்கு மஞ்சளும் கடுக்காயும் மாதுளந்தோலும் உண்டு. நின்று நிலைக்கும் நல்ல பச்சையைத் தரும் தனிச் சரக்கு இல்லை. பெரியோர்கள் நூலை அவுரியில் தோய்த்து, மேலே மஞ்சள் ஏற்றிப் பச்சையைப் பெற்றனர். உலகமெங்கும் செடிகளின் பச்சைக்குக் குறைவில்லாதபோது, அப்பச்சையை நூலில் ஏற்ற இரண்டு செடிகள் வேண்டியிருந்தன என்பது வியப்பன்றோ! அவ்வாறு பிறந்த பச்சையில் மஞ்சள்தான் நோஞ்சான். வெயில் பட்டால் அது முதலில் விடைபெறும். துணி நீலத்தை நோக்கித் திரும்பும். ஐரோப்பிய நாடுகளின் பழைய சித்திரத் திரைச்சீலைகளில் மரமும் புல்லும் இன்று நீலமாகத் தோன்றுவதற்கும் அங்குப் பயன்பட்ட மஞ்சள் சாயம் மங்கியதே காரணம். 'தந்தை நிலைப்பான், தாய் மறைவாள். பிள்ளை தந்தையின் நிறமாவான்' என்று ஒரு குறிப்பு எழுதினால், அதை விடுவிக்கும் இளைஞன் சாயத்தின் உறுதியைப் பற்றி ஒரு பாடம் படித்துவிடுகிறான்.

அவுரித் தொட்டியில் இன்னும் ஒரு வேடிக்கை உண்டு. தொட்டிக்குள்ளிருக்கும் சாயநீர் மஞ்சள் கலந்த பச்சை. நூலை எடுத்து உதறிக் காற்றில் பிடித்தால் கண்ணெதிரே நீலமாகும். 1920-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து தேசத்துக் கிரேஞ்ச்மவுத் நகரில் கண்டுபிடிக்கப்பட்ட 'ஜேட் கிரீன்' என்னும் வாட் சாயம் இதற்கு நேர்மாறு. தொட்டிக்குள் நீலம், வெளியில் வந்து காற்றேற்றபின் பச்சை. பருத்தி நூலில் வெயிலுக்கும் சலவைக்கும் அசையாத தெளிந்த பச்சையை ஒரே சாயத்தால் பெறலாம் என்னும் நிலை அதனால் ஏற்பட்டது. 'உள்ளே பச்சை, வெளியே நீலம்' என்பதையும் 'உள்ளே நீலம், வெளியே பச்சை' என்பதையும் இரட்டைப் புதிராக வைத்தால், சாயப்பட்டறையில் வேலை செய்யும் அங்கத்தினர்கள் விடையைச் சொல்லிவிட்டு, மற்றவர்களுக்குக் காரணத்தையும் சொல்லக் கடமைப்படுவார்கள்.

தறிக்கு வருவோம். 'பாவிலும் இல்லை, ஊடையிலும் இல்லை. துணியில் மட்டும் உண்டு' என்பதற்கு விடை மயில் கழுத்து. பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். நீலமும் பச்சையும் குறுக்கே பாய்ந்து, துணியை அசைக்கும்போது ஒன்று ஒளிந்து மற்றொன்று வெளிப்படும். இச்சாயலைச் சாயக்காரர் ஒருவரே தொட்டியில் உண்டாக்கிவிட முடியாது. இது நெசவாளரின் சிருஷ்டி. நம் சங்கங்களின் இருப்புப் பதிவேடுகளில் மயில் கழுத்து என்பது துணியின் பெயராக மட்டுமன்றி நூலின் பெயராகவும் சில இடங்களில் எழுதப்பட்டிருப்பதைக் காண்கிறோம். எந்த நூலை அவ்வாறு எழுதினர், நீலத்தையா பச்சையையா என்று கேட்டால் குமாஸ்தாவுக்கும் விளங்குவதில்லை.

இனி, பெயரால் வரும் நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்பதைச் சொல்ல வேண்டும். ஆய்வுக்குச் சென்ற ஒரு சங்கத்தில் நாம் கண்டது இது. வெளியூர் வணிகர் ஒருவர் மாந்தளிர் நிறத்தில் பருத்திச் சேலைகள் வேண்டுமென்று தொலைபேசியில் கேட்டிருக்கிறார். ஆர்டர் புத்தகத்தில் எழுதப்பட்டது அந்த ஒரு சொல் மட்டுமே. சாயக்காரர் மரபறிந்தவர். மாமரத்தின் தளிர் பிறக்கும்போது செம்பு நிறம், முற்றியபின்னரே பச்சை. நெசவுத் தொழிலில் மாந்தளிர் என்றால் அந்தச் செம்பு நிறச் சாயலையே கொள்வர். அவ்வாறே சாயமேற்றினார். அங்கத்தினர்கள் அவ்வாறே நெய்தனர். வணிகரோ தளிர் என்றதும் இளம்பச்சையை எண்ணியிருந்தார், சேலைகளைத் திருப்பிவிட்டார். நிர்வாகக் குழுவினர் கூடி, சரக்கு விலைபோகும் வரை நெய்தவர்களின் கூலியில் ஒரு பகுதியை நிறுத்திவைப்பதென்று தீர்மானித்தனர். சேலைகள் பல மாதங்கள் அலமாரியில் கிடந்து, தள்ளுபடிக் காலத்தில் விற்றன. அதன் பின்னரே அக்கூலி பட்டுவாடா ஆயிற்று.

இதில் குற்றவாளி யார்? சாயக்காரர் சொல்லின்படி நடந்தார். வணிகரும் தமிழ் அறிந்தவரே. தளிர் என்பதற்குப் பச்சை என்று பொருள் கொண்டதைப் பெரும் பிழையென்று சொல்ல முடியாது. நெய்தவர்களோ சங்கம் தந்த நூலைச் சங்கம் சொன்ன கணக்கில் நெய்து கொடுத்தவர்கள். நிறத்தைத் தேர்ந்தெடுத்ததில் அவர்களுக்கு எள்ளளவும் பங்கில்லை. ஆயினும் ஒரு சொல்லுக்கு இருவர் இரு பொருள் கொண்டதன் விலையை மூன்றாமவர் கொடுத்தார். அன்றாடக் கூலியை நம்பி அரிசி வாங்குகிற குடும்பத்துக்குப் பல மாத நிலுவை என்றால் என்ன என்பதை அங்கத்தினர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அத்தீர்மானம் நியாயமன்று என்பதை நிர்வாகக் குழுவினரிடத்தும் கூறினோம். வியாபாரத்தில் நேர்ந்த பிசகு வியாபாரக் கணக்கில் நஷ்டமாக எழுதப்பட வேண்டுமேயன்றி, நெய்தவரின் கூலியேட்டில் பிடித்தமாக ஏறக்கூடாது.

'பெயர்களே தொல்லை, எண் போட்ட நிற அட்டையை வைத்துக்கொண்டால் புதிரும் வேண்டாம் வழக்கும் வேண்டாம்' என்று படித்த இளைஞர்கள் கூறுகின்றனர். கைப்பேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் போதும் என்பாரும் உளர். படத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுவோம். ஒரே சேலையை இரண்டு கைப்பேசிகளில் பாருங்கள். இரண்டு சேலையாகத் தெரியும். அதிலும் பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவிலுள்ள சாயல்கள் படும் பாடு சொல்லி முடியாது. படத்தை நம்பிச் சாயத்தொட்டியில் சரக்கைக் கொட்டுவது, ஜாதகத்தைப் பார்த்து ஆளின் உயரம் சொல்வது போன்றது.

நிற அட்டை அப்படியன்று. அது நல்ல கருவி. நெசவாளர் சேவை மையங்களிலும் அதனைக் காணலாம். நம் கேள்வியெல்லாம் அட்டை யாரிடம் இருக்கிறது என்பதுதான். வாங்குபவரிடம் ஒன்று, சங்கத்தின் பீரோவில் ஒன்று. சாயக்காரரிடம் பழைய பதிப்பு. நெய்பவர் வீட்டில் ஒன்றுமில்லை. அட்டை கையிலுள்ளவனுக்கு 47 என்னும் எண் ஒரு நிறம். அட்டை இல்லாதவனுக்கு அது 46-க்கும் 48-க்கும் நடுவிலுள்ள ஒரு தொகை. வாழைக்குருத்து என்னும் பெயரோ அட்டை இல்லாத வீட்டிலும் கொல்லையில் நிற்கிறது. பெயர் சாயலை நூலிழைச் சுத்தமாகக் குறிக்காது என்பது மெய்யே. ஆனால் பிசகு பெரிதாகும் முன் 'ஐயா, இது குருத்து இல்லையே' என்று சொல்லும் உரிமையை நெய்பவருக்கும் தார் சுற்றும் பெண்ணுக்கும் அது கொடுக்கிறது. எண் அந்த உரிமையை அட்டைக்காரரிடம் மட்டும் வைத்துவிடுகிறது. கூட்டுறவு முறையில் நம்பிக்கையுள்ளவர்கள் இதை அற்ப விஷயமாகக் கருதலாகாது.

அட்டை எல்லோர் கையிலும் இருந்தால் எண் எவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்பதற்கு நம் விவசாய அங்கத்தினர்களே சாட்சி. நெற்பயிருக்குத் தழைச்சத்து வேண்டுமா வேண்டாமா என்றறிய இலை வண்ண அட்டை என்றொன்று வழங்குகிறது. இளம்பச்சை தொடங்கிக் கரும்பச்சை வரை படிப்படியாக ஏறும் கட்டங்கள். 6 கட்டங்கள் கொண்டதும் உண்டு, 4 கட்டங்கள் கொண்டதும் உண்டு. நட்ட 14-ஆம் நாள் முதல் கதிர் வெளிவரும் வரை வாரம் ஒருமுறை, காலை 8 மணி முதல் 10 மணிக்குள், வயலில் 10 இடங்களில் முழுதும் விரிந்த இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பொன்னி போன்ற ரகங்களுக்கு 3-ஆம் எண், ஏனைய ரகங்களுக்கும் வீரிய ஒட்டு ரகங்களுக்கும் 4-ஆம் எண் எல்லை. 10-இல் 6 இலைகள் அந்த எல்லைக்குக் கீழே வெளிறியிருந்தால் தழைச்சத்து இட வேண்டும். இல்லையேல் யூரியா மூட்டையைத் திறக்க வேண்டியதில்லை. ஒரு நிறத்தின் சாயல்களைக் கொண்டு சங்கத்தின் உரக்கடன் கணக்கையே குறைத்துவிடும் கருவி இது. பார்ப்பவர் வெயிலுக்கு முதுகு காட்டித் தம் நிழலில் இலையைப் பிடிக்க வேண்டும், ஒரே ஆளே வாராவாரம் பார்க்க வேண்டும் என்னும் விதிகளையும் கவனியுங்கள். சாயல் என்பது பொருளில் மட்டும் இல்லை. ஒளியிலும் கண்ணிலும் பாதி இருக்கிறது.

ஆயினும் அட்டை மட்டும் போதுமா? பயிர் வெளிறியதற்கெல்லாம் தழைச்சத்துக் குறைவே காரணம் என்று கொள்ள முடியாது. தழைச்சத்துக் குறைந்தால் முதிர்ந்த கீழிலைகள் முதலில் மஞ்சளாகும். கந்தகமோ இரும்போ குறைந்தால் இளந்தளிர் முதலில் வெளிறும். எந்த இலை, எந்த இடம் என்று சொல்ல அட்டையில் கட்டம் இல்லை. அதற்குச் சொல் வேண்டும். நம் குடியானவர் பேச்சில் அத்தகைய சொற்கள் ஏராளம். 'கறுத்துவிட்டது என்று மகிழ்ந்தான். வயலில் கறுப்பு ஒரு துளியும் இல்லை' என்னும் புதிரை நகரத்தார் விடுவிக்கத் திணறுவர். பயிர் கருகருவென்று நிற்கிறது என்பதன் பொருள் வயல்காரருக்கே விளங்கும். அந்த மகிழ்ச்சி சில வேளை அவசரப்பட்டதாகவும் இருக்கும். தழைச்சத்து மிகுந்து கறுத்த பயிரை இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் குலைநோயும் தேடி வரும். காற்றடித்தால் சாயவும் செய்யும். ஆகவே, 'பச்சை மிகுந்தால் யாருக்கு விருந்து?' என்று மற்றொரு புதிரும் போடலாம்.

புதிரின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். ஆண்களில் சிலருக்கும் பெண்களில் மிகச் சிலருக்கும் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் ஆற்றல் பிறவியிலேயே குறைந்திருக்கும். அவர்கள் அறிவில் எவர்க்கும் குறைந்தவரல்லர்; பச்சைப் புதிர்களை அனைவருக்கும் முன்னதாகவே விடுவித்துவிடலாம். ஆனால் இரண்டு நூற்கண்டுகளை ஒப்பிடும் பொறுப்பை அவர்களிடம் தரலாகாது. கண் நன்றாக உள்ளவரும் இரவில் விளக்கொளியில் ஒப்பிடலாகாது. ஒரு விளக்கின்கீழ் ஒன்றுபட்டுத் தோன்றிய இரண்டு பச்சைகள் பகலொளியில் பிரிந்து நிற்பதுண்டு. சேலை வாங்க வரும் பெண்கள் கடைவாசலுக்கு எடுத்துச் சென்று பார்ப்பதைக் கடைக்காரர்கள் கேலி செய்கின்றனர். சாயம் ஒப்பிடுவோர் வடக்குப் பார்த்த சன்னலைத் தேடுவதும் அந்தப் பெண்கள் வாசலைத் தேடுவதும் ஒரே சாஸ்திரம்.

ஆகையால் புதிர், பெயர், நூல்துண்டு ஆகிய மூன்றும் ஒன்றாக வர வேண்டுமென்பது நமது யோசனை. ஆசிரியர் மாதம் ஒரு சாயலுக்குப் பக்கத்தின் மூலையில் இடம் தந்தால் போதும். விடை வெளியாகும் மாதத்தில், அந்தச் சாயலில் தோய்த்த நூலின் ஒரு சிறு கண்ணியைப் பெயரெழுதி, ஒவ்வொரு சங்க அலுவலகத்திலும் வெயில் படாத சுவரில் தொங்கவிட வேண்டும். ஊருக்கு ஊர் பெயர் மாறினால் அந்தப் பெயரையும் அதன்கீழ் எழுதிக்கொள்ளலாம். எது சரி என்று வழக்காட வேண்டியதில்லை. ஓராண்டில் 12 பச்சைகள் சேர்ந்துவிடும். பரிசு வேண்டாம்; நுழைவுக் கட்டணமும் வேண்டாம். முதியவர்கள் நினைவில் மட்டும் இருக்கும் பெயர்கள் இவ்வகையில் சுவரேறும். பாவு ஓட்டியும் தார் சுற்றியும் ஒரு நாளில் பத்து நிறங்களைக் கையில் பிடிக்கும் பெண்களின் பெயர்களே பெரும்பாலும் திருத்தமாக இருக்கக் காண்கிறோம். அவர்கள் பெயரில் புதிர் வெளிவருவதை நாம் விசேஷமாக விரும்புகிறோம்.

நிர்வாகக் குழுவினரிடமும் ஒரு கோரிக்கை உண்டு. ஆர்டர் படிவத்தில் நிறம் என்னும் வரிக்குக் கீழே மூன்றங்குல நூல் ஒட்ட இடம் விடுங்கள். வாங்குபவர் ஒப்பமிட்ட அதே நூல் சாயக்காரரிடம் ஒரு துண்டு, நெய்பவரிடம் ஒரு துண்டு இருக்கட்டும். நூல் ஒட்டாத ஆர்டரில் நிறம் பிசகினால் கூலி நிறுத்தப்படமாட்டாது என்று ஒரு தீர்மானம் எழுதி, பேரவைக் கூட்டத்தில் வையுங்கள். அதற்கு அரசாங்கத்தின் உத்தரவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

தொடக்கமாக ஆசிரியருக்கு இரண்டு புதிர்களை அனுப்புகிறோம். ஒன்று: 'அரைத்த நாளில் பச்சை, மறுநாள் சிவப்பு, நூலுக்கு வேண்டுவது அரைத்த நாளின் நிறம்.' மற்றொன்று: 'வயலில் முளைத்து, வயலிலேயே மடிந்து, வயலுக்கே சோறாவது; பெயரில் பசுமை, 5 எழுத்து.' முன்னதை நெசவாளர் குடும்பங்களும் பின்னதை விவசாயக் குடும்பங்களும் விடுவிக்கட்டும். மாற்றி விடுவித்தால் இன்னும் நல்லது. முதற்புதிரின் விடையை அஞ்சலட்டையில் எழுதினால் மட்டும் போதாது. அந்தச் சாயலில் மூன்றங்குல நூலும் ஒட்டியிருக்க வேண்டும். இரண்டாவதற்கு இலையை ஒட்டி அனுப்ப வேண்டாம்; தபாலில் வந்து சேர்வதற்குள் பழுப்பாகிவிடும். எந்தச் செடி, விதைத்த எத்தனையாம் நாளில் மடக்கி உழுதீர்கள், அன்று இலை என்ன பச்சை என்பதை எழுதினால் போதும்.